வெயில் போட்ட கையெழுத்து

புற்றுநோயின் கதை: தொடர் 19

சென்ற இதழில் செல்லை விரட்டிப் பெருகவைக்கும் மரபணுக்களைப் பார்த்தோம். கோழிக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸில் இருந்த ‘சார்க்’ மரபணு, ஒரு காலத்தில் கோழியின் செல்லிலிருந்தே வைரஸ் அள்ளிக்கொண்டு போனதுதான் என்று 1976இல் மைக்கேல் பிஷப், ஹரால்டு வார்மஸ் குழுவினர் காட்டிய கதை அது. புற்றுநோய்க்கான விதை நம் செல்லுக்குள்ளேயே இருக்கிறது என்பது அதோடு உறுதியானது. விரட்டுகிற மரபணுக்கள் மட்டும் இருந்திருந்தால் மனித உடம்பு இத்தனை ஆண்டு தாக்குப்பிடித்திருக்காது. அவற்றை அடக்கி வைக்கிற மரபணுக்களும் இருந்தாக வேண்டும். அவற்றைத் தேடிப்போனவர்களின் கதை இந்த வாரம்.

அந்தத் தேடலில் மிகத் தெளிவான தடயம் கிடைத்த இடம் தோல். நுரையீரலிலும் குடலிலும் என்ன நடக்கிறது என்பது அறுத்துப் பார்த்தால்தான் தெரியும். தோலில் வரும் மாற்றத்தை நோயாளியே பார்க்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் பார்க்கிறார். அதனால்தான் புற்றுநோய்க்கு இன்னதுதான் காரணம் என்று மனிதர்கள் முதலில் விரல் நீட்டிச் சொன்னதும் தோலைப் பார்த்துத்தான்.

முத்தியால்பேட்டை தாண்டினால்

புதுச்சேரியிலிருந்து வடக்கே போனால் முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் போகிறவருக்கு எது எங்கே முடிந்தது என்று இன்று தெரியாது. 1954 நவம்பர் 1 வரை அது இரண்டு ஆட்சிகளின் எல்லை. தெற்கே பிரெஞ்சுக்காரர்கள், வடக்கே 1947 வரை ஆங்கிலேயர், பிறகு சுதந்திர இந்தியா.  

புதுச்சேரியை ஆண்ட அதே பிரான்ஸில், போர்டோ நகரத்துத் தோல் மருத்துவர் வில்லியம் துப்ரோய் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒன்றைக் கவனித்தார். திராட்சைத் தோட்டங்களில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்களுக்குத் தோல்புற்று அதிகம். நகரத்தில் நிழலில் வாழ்கிறவர்களுக்குக் குறைவு. முகம், காது, உதடு, புறங்கை என்று வெயில் படும் இடங்களில்தான் அது வந்தது. அதற்கு முன்பே, 1894இல், ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தில் பால் உன்னா என்ற தோல் மருத்துவர் மாலுமிகளின் முகத்திலும் கையிலும் இதையே பார்த்து எழுதிவைத்திருந்தார். 1928இல் ஃபிண்ட்லே என்ற ஆய்வாளர் எலிகள்மேல் புற ஊதாக் கதிரைத் தொடர்ந்து பாய்ச்சிப் புற்று வரவழைத்துக் காட்டினார். சந்தேகம் தீர்ந்தது. வெயில்தான் குற்றவாளி.

அப்படியானால் ஒரு கேள்வி எழுகிறது. ஹாம்பர்க் மாலுமி பட்ட வெயிலைப்போலப் பல மடங்கு வெயிலைப் படுகிறவர்கள் கோட்டக்குப்பத்தையொட்டிய தந்திராயன்குப்பத்திலும் பொம்மையார்பாளையத்திலும் இருக்கிறார்கள். விடியுமுன் கடலுக்குப் போனால், மேலே சூரியனும் கீழே தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளியும் சேர்ந்து இரு பக்கமும் காய்ச்சும். கரைக்கு வந்த பிறகும் வெட்டவெளியில் உட்கார்ந்து வலை சரிசெய்ய வேண்டும். இவர்களுக்கெல்லாம் முகத்தில் புற்று வந்திருக்க வேண்டுமே? வருவது அபூர்வம். இந்தியாவில் காணப்படும் புற்றுநோய்களில் தோல்புற்றின் பங்கு மிகச் சிறியது.

பதில் நிறத்தில் இருக்கிறது. மேல்தோலின் அடியடுக்கில் இருக்கும் மெலனோசைட் செல்கள் மெலனின் என்ற நிறமியைச் சிறு சிறு பொட்டலங்களாகக் கட்டி, சுற்றியிருக்கும் தோல் செல்களுக்குக் கொடுக்கின்றன. வாங்கிய செல் அதைக் கண்ட இடத்தில் போட்டு வைப்பதில்லை. தன் உட்கருவுக்கு மேலே, வானத்தைப் பார்த்த பக்கமாக, குல்லாய் போல் கவிழ்த்து வைக்கிறது. உட்கருவுக்குள்தான் டி.என்.ஏ. இருக்கிறது. நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லும் தலையில் கறுப்புக் குல்லாயோடு நிற்பதைப் பார்க்கலாம். அமெரிக்காவில் 1979இல் வந்த ஓர் ஆய்வில், வெள்ளையரின் மேல்தோல் வழியாகப் புற ஊதா ‘பி’ கதிரில் நூற்றுக்கு 24 பங்கு உள்ளே இறங்கியது. கறுப்பினத்தவரின் மேல்தோலில் 7 பங்குதான் இறங்கியது. நம் கடற்கரையின் கறுத்த தோலும் அந்த வழியில்தான் தப்பிக்கிறது.

தப்பிப்பது வெயிலிடமிருந்துதான். நம் மக்களுக்கும் தோல்புற்று வருகிறது. அது வெயில் படாத இடங்களில் வருகிறது. தோல்புற்றின் வரலாற்றில் இந்தியா எழுதிய பக்கம் அது.

இடுப்பில் ஒரு தழும்பு

வெயில் படாத இடத்தில் வரும் தோல்புற்றுக்கு முதல் துப்பு லண்டனில் கிடைத்தது. 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர், புகைக்கூண்டு துடைக்கும் தொழிலாளர்களுக்கு விதைப்பையின் தோலில் வரும் புற்றுக்குப் புகைக்கரிதான் காரணம் என்று எழுதினார். சிறு வயதிலேயே புகைக்கூண்டுக்குள் ஏற்றிவிடப்பட்ட பையன்கள் பெரியவர்களான பிறகு அந்த நோய் வந்தது. ஒரு தொழிலையும் ஒரு புற்றையும் சேர்த்து வைத்த முதல் எழுத்து அது.

1866இல் காஷ்மீரில் இன்னொன்று. ஸ்காட்லாந்திலிருந்து வந்த மிஷன் மருத்துவர் வில்லியம் எல்ம்ஸ்லி, அங்குள்ளவர்களின் அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் புற்றைக் கண்டார். குளிர்காலத்தில் காஷ்மீரத்தார் ‘காங்கிரி’ என்ற சட்டியை அங்கிக்குள் வைத்துக்கொள்வார்கள். மண்சட்டியில் தணல், சட்டியைச் சுற்றி நார்க்கூடை. அந்தச் சூடு ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் பட்டு, தோல் கறுத்து, வலைபோலக் கோடு விழுந்து, கடைசியில் அங்கே புண் வெடிக்கும்.

அடுத்தது நமக்கு இன்னும் நெருக்கம். 1941இல் பம்பாயில் டாடா நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. அதன் நோய்க்குறியியல் துறையை வளர்த்தெடுத்தவர் வி.ஆர். கனோல்கர். அவரும் சூர்யாபாயும் சேர்ந்து 1945இல் வெளியிட்ட கட்டுரை, இந்தியர்களின் பழக்கவழக்கங்களால் வரும் மூன்று புதிய புற்றுகளை உலகுக்கு அறிவித்தது. அதில் ஒன்று வேட்டிப் புற்று. வேட்டியை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, ஒரே இடத்தில் முடிச்சுப் போட்டு, அதே முடிச்சோடு வயலிலும் சாலையிலும் நாற்பது ஐம்பது வருஷம் குனிந்து நிமிர்கிறவருக்கு அந்த இடத்தில் முதலில் தோல் காய்த்துப்போகும். வியர்வையும் தூசியும் சேர்ந்து அரிக்கும். நிறம் போய் வெளுக்கும், அல்லது கருமை கூடும். செதில் உதிரும். பிறகு ஒரு நாள் அங்கே வெடித்த புண் ஆறாமலே நின்றுவிடும்.

பெண்களுக்கு அதே வேலையைப் பாவாடை நாடா செய்கிறது. சேலைக் கொசுவத்தின் கனம் முழுவதையும் தாங்கும் நாடாவை இறுக்கினால்தான் சேலை நிற்கும். இரவில் அவிழ்த்ததும் இடுப்பைச் சுற்றிப் பள்ளம் விழுந்திருப்பது நம் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தடத்தில் ஆறாத புண் வந்து, அது செதிள்செல் புற்று என்ற தோல்புற்றாக மாறிய இரண்டு வயதான பெண்களைப் பற்றி மகாராஷ்டிர, பீகார் மருத்துவர்கள் 2024இல் எழுதியிருக்கிறார்கள். இருவருக்கும் புண் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்திருக்கிறது. ஒருவருக்கு நெறிகட்டிய இடம்வரை பரவிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலில் சேர வேண்டியது தொழுநோய்ப் புண். செங்கல்பட்டை அடுத்த திருமணியிலும் வேலூரை அடுத்த கரிகிரியிலும் இருக்கும் தொழுநோய் நிலையங்களுக்குப் பாதத்தில் குழிப்புண்ணோடு வந்தவர்கள் ஏராளம். உணர்ச்சி இழந்த பாதத்தில் முள் குத்தியதும் தெரியாது, செருப்பு கடித்ததும் தெரியாது; அதனால்தான் புண் ஆறுவதில்லை என்று வேலூர் சி.எம்.சி.யில் பால் பிராண்ட் விளக்கினார். பல ஆண்டு திறந்தே கிடக்கும் அப்படிப்பட்ட புண்ணின் விளிம்பு சிலருக்குத் திடீரென்று தடித்து, பூக்கோசுபோல் பொங்கும். அதுவும் செதிள்செல் புற்றுதான். பழைய தீக்காயத் தழும்பிலும் இதே நடக்கும்.

ஆக, புகைக்கரி, தணல், முடிச்சு, ஆறாத புண், வெயில். காரணங்கள் ஐந்து, நோய் ஒன்று. இவ்வளவு வேறுபட்ட காரணங்கள் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன என்றால், செல்லுக்குள் அவை எல்லாம் உடைக்கிற பொருள் ஒன்றாக இருக்க வேண்டும். அது எது?

கடல்முள்ளெலியிலிருந்து கண்புற்றுவரை

முதலில் ஊகித்தவர் புற்றுநோயாளியைப் பார்த்து ஊகிக்கவில்லை. ஜெர்மனியின் உயிரியலாளர் தியோடர் போவேரி கடல்முள்ளெலியின் முட்டைகளை வைத்து ஆராய்ந்தவர். குரோமோசோம்கள் தாறுமாறாகப் பங்கிடப்பட்ட செல்கள் எப்படியெல்லாம் கெட்டுப்போகின்றன என்று பார்த்து, 1914இல் ஒரு சிறு நூல் எழுதினார். செல் பிரியாமல் தடுத்து நிறுத்தும் ஏதோ ஒன்று குரோமோசோமில் இருக்கிறது, அது தொலைந்துபோனால் செல் அடங்காமல் பெருகும் என்றார். அடுத்த ஆண்டே இறந்துபோனார். அந்த ஊகத்தை அரை நூற்றாண்டு யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1969இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி ஹாரிஸ் குழுவினர் புற்றுச் செல்லையும் நல்ல செல்லையும் ஒட்டி ஒரே செல்லாக்கினார்கள். புற்று கெட்டது என்பதால் ஒட்டிய செல்லும் கெட்டுப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஒட்டிய செல் ஒழுங்காக நடந்துகொண்டது. நல்ல செல்லில் இருந்த ஏதோ ஒன்று புற்றை அடக்கிவிட்டது. நாள் செல்லச் செல்ல அந்தச் செல் சில குரோமோசோம்களை இழந்தபோது புற்று திரும்பி வந்தது. போவேரி சொன்னது சரிதான்.

கணக்குப் போட்டுக் காட்டியவர் அமெரிக்காவின் ஹூஸ்டனில் இருந்த குழந்தை மருத்துவர் ஆல்ஃபிரட் நுட்சன். கண்ணின் விழித்திரையில் குழந்தைகளுக்கு வரும் புற்று அவர் எடுத்துக்கொண்ட நோய். புகைப்படம் எடுக்கும்போது கண்பாப்பா வெள்ளையாகப் பளிச்சிடுமே, அந்த நோய். 48 குழந்தைகளின் விவரங்களை அவர் அலசினார். பரம்பரையாக வருகிற குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரு கண்ணிலும், மிகச் சிறு வயதிலேயே வந்தது. மற்றவர்களுக்கு ஒரே கண்ணில், சற்றுத் தாமதமாக வந்தது. 1971இல் அவர் சொன்ன விளக்கம் இது: அடக்கும் மரபணு ஒவ்வொன்றும் அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக இருக்கிறது. சைக்கிளுக்கு முன் பிரேக்கும் பின் பிரேக்கும் இருப்பதுபோல. ஒரு கம்பி அறுந்தாலும் வண்டி நிற்கும். இரண்டும் அறுந்தால்தான் நிற்காது. பரம்பரையாக நோய் வரும் குழந்தை பிறக்கும்போதே ஒரு கம்பி அறுந்த வண்டியோடு வருகிறது.

அந்த மரபணு 1986இல் கைக்குக் கிடைத்தது. ‘ஆர்பி’ என்று பெயர் வைத்தார்கள். மனிதர்களிடம் பிடிபட்ட முதல் கட்டி அடக்கி மரபணு அது. இன்று சென்னை சங்கர நேத்ராலயாவிலும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையிலும் கண்புற்றுக் குழந்தைகளின் குடும்பங்களுக்கு ஆர்பி மரபணுச் சோதனையைப் பற்றி எடுத்துச் சொல்கிறார்கள். பரம்பரையாக நோய் வந்த குழந்தைகள் கண்புற்றிலிருந்து பிழைத்து வளர்ந்த பிறகு மெலனோமா என்ற தோல்புற்று வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம் என்பது பின்னால் தெரிந்தது. கண்ணில் அறுந்த கம்பி தோலிலும் அறுந்துதானே இருக்கும்.

பத்து ஆண்டு ஆள் மாறாட்டம்

தோலுக்குள் நிற்கும் முக்கியக் காவலாளி வேறொருவர். அவரைப் பிடித்த கதையில் ஒரு குழப்பம் இருக்கிறது.

1979இல் லண்டனில் டேவிட் லேன், பிரின்ஸ்டனில் ஆர்னால்ட் லெவின், நியூயார்க்கில் லாயிட் ஓல்ட் என்று தனித்தனிக் குழுக்கள் ஒரே புரதத்தைக் கண்டன. அதன் எடையை வைத்துப் பி53 என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. புற்றுச் செல்களில் அது குவிந்து கிடந்தது. குற்றம் நடந்த இடத்தில் எப்போதும் காணப்படுகிறவரைச் சந்தேகிக்காமல் இருக்க முடியுமா? பி53 புற்றைத் தூண்டுகிற மரபணு என்று முடிவுகட்டினார்கள். ஆய்வகங்களில் அதைச் செல்லுக்குள் செலுத்திப் பார்த்தபோதும் செல் கெட்டுப்போனது.

பிறகுதான் தெரிந்தது: எல்லோரும் வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தது புற்றுச் செல்லிலிருந்து எடுத்த, ஏற்கெனவே பழுதான பி53. 1989இல் பால்டிமோரில் பெர்ட் வோகல்ஸ்டைன் குழுவினர் பெருங்குடல் புற்றுகளில் 17ஆவது குரோமோசோமின் ஒரு துண்டு அடிக்கடி தொலைந்துபோவதைத் துரத்திப் போனார்கள். துண்டு தொலைந்த செல்லில் மிச்சமிருந்த பி53 பிரதியும் பழுதாகியிருந்தது. இரண்டு கம்பியும் அறுந்த நுட்சன் கணக்கு அப்படியே பொருந்தியது. பி53 தூண்டுகிறவன் அல்ல, அடக்குகிறவன். பத்து ஆண்டு பாடநூல்கள் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருந்தன. 1992இல் டேவிட் லேனே அதை மரபுத்தொகுதியின் காவலன் என்று எழுதினார். 1993இல் ‘சயின்ஸ்’ இதழ் அதை அந்த ஆண்டின் மூலக்கூறாகத் தேர்ந்தெடுத்தது.

24 கட்டிகளில் 14

இப்போது தோலுக்குத் திரும்புவோம். 1991இல் யேல் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் பிராஷ் ஒரு கேள்வி கேட்டார். தோல்புற்றில் பி53 உடைந்திருக்கிறதா என்பதோடு அவர் நிற்கவில்லை. உடைத்தது யார் என்று உடைந்த இடத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அதற்கு வெயில் டி.என்.ஏ.யை என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது 1960இலேயே நெதர்லாந்தில் தெரிந்துவிட்டது. டி.என்.ஏ. என்பது நான்கு எழுத்துகளால் ஆன நீண்ட வரி. அதில் ‘டி’, ‘சி’ என்று குறிக்கப்படும் இரண்டு எழுத்துகள் புற ஊதாக் கதிருக்கு இளகியவை. இவை பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது கதிர் பட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை வெட்டியெடுத்துச் சரிசெய்யும் ஏற்பாடு செல்லில் உண்டு. சரிசெய்யும் முன்பே செல் பிரிந்துவிட்டால், படியெடுக்கும் நொதி ஒட்டிய ‘சி’யை ‘டி’ என்று எழுதிவிட்டுப் போய்விடும். சில சமயம் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு ‘சி’யும் சேர்ந்தே இரண்டு ‘டி’யாகிவிடும். இந்த இரட்டைப் பிழைதான் முக்கியம். புகையிலையோ செல்லின் சாதாரணப் படியெடுப்புத் தவறோ இதை இப்படிச் செய்வதில்லை.

பிராஷ் குழுவினர் 24 செதிள்செல் புற்றுகளை எடுத்து, பி53 மரபணுவை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். 14இல் அது பழுதாகியிருந்தது. பழுது விழுந்த இடங்கள் வெயிலுக்கு இளகிய இரட்டை எழுத்து நிற்கும் இடங்கள். ‘சி’ போய் ‘டி’ வந்திருந்தது. குடல், நுரையீரல் புற்றுகளின் பி53 பழுதில் காணாத அந்த இரட்டைப் பிழையும் அங்கே இருந்தது. துப்ரோயும் உன்னாவும் தோலின் மேலிருந்து சொன்னதை, வெயில் செல்லுக்குள்ளேயே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருந்தது. ஒரு புற்றின் காரணத்தை அதன் மரபணுவிலிருந்தே படித்துச் சொன்ன ஆரம்பக்கால வெற்றிகளில் இது ஒன்று. இன்று எந்தப் புற்றின் டி.என்.ஏ.யைப் படித்தாலும் முதலில் கையெழுத்தைத் தேடுகிறார்கள்.

சரிசெய்யும் ஏற்பாடே பிறவியில் இல்லாதவர்களும் உண்டு. 1870-களில் வியன்னாவில் மொரிட்ஸ் கபோசி அவர்களை விவரித்தார். குழந்தைப் பருவத்திலேயே முகம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறுத்து, தோல் காகிதம்போல் வறண்டு, பள்ளிக்கூடம் போகும் வயதில் தோல்புற்று வந்துவிடும். 1968இல் ஜேம்ஸ் கிளீவர், இவர்களின் செல்லுக்கு வெயில் ஒட்டிய எழுத்துகளை வெட்டியெடுக்கத் தெரியவில்லை என்று கண்டார். 20 வயதுக்குள் இவர்களுக்குச் சாதாரணத் தோல்புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் ஏறத்தாழ 10,000 மடங்கு. நோய் வர இரண்டு பிரதியும் பழுதாக இருக்க வேண்டும் என்பதால், தாய்மாமனையும் அத்தை பிள்ளையையும் கட்டிக்கொள்ளும் குடும்பங்களில் இதற்கு வாய்ப்புக் கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் உறவுமுறைத் திருமணம் அதிகமுள்ள மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடு முன்னால் நிற்கிறது. நம் ஊர்த் தோல் மருத்துவர் இந்த நோயைப் புத்தகத்தில் படித்ததோடு விட்டுவிட முடியாது.

உரிந்த தோலின் ரகசியம்

பிராஷ் குழுவினரின் அடுத்த கண்டுபிடிப்பு 1994இல் வந்தது. வெள்ளையர்கள் கடற்கரையில் படுத்து எழுந்தால் தோல் சிவந்து, இரண்டு நாள் கழித்து உரியும். உரிகிற தோலில் செத்த செல்கள் இருக்கும். அவற்றை வெயில் கொன்றது என்று எல்லோரும் நினைத்தார்கள். பி53 இல்லாத எலிகளின்மேல் அதே கதிரைப் பாய்ச்சியபோது அப்படிச் செத்த செல்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. டி.என்.ஏ. சரிசெய்ய முடியாத அளவு கெட்டுவிட்டால், அந்தச் செல்லைத் தற்கொலை செய்துகொள்ளச் சொல்வது பி53. கெட்ட செல் உடம்பில் தங்கிவிடக் கூடாது என்பதற்காகத் தோல் தானே சிலரைப் பலிகொடுக்கிறது.

இதிலிருந்து ஒரு கொடுமையான முடிவு வந்தது. ஒரு செல்லில் பி53 உடைந்துவிட்டது என்று வையுங்கள். அடுத்த முறை கடும் வெயில் பட்டதும் சுற்றியிருக்கும் நல்ல செல்கள் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து செத்துப்போகும். பழுதான செல்லுக்குக் கட்டளையே கேட்காது. அது சாகாமல் நிற்கும், காலியான இடத்தில் பெருகும். வெயில் இரண்டு வேலை செய்கிறது: முதலில் காவலை உடைக்கிறது, பிறகு உடைந்தவனுக்கு இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

வெயிலைத் தடுத்தால் இது நிற்குமா? ஹூஸ்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி ஆய்வாளர் ஹொன்னாவர அனந்தசாமி குழுவினர் 1997இல் எலிகளுக்கு வெயில்காப்புக் களிம்பு பூசிக் கதிர் பாய்ச்சினார்கள். பூசாத எலிகளின் தோலில் கட்டி வருவதற்கு முன்பே பி53 பழுதுகள் சேர்ந்துகொண்டிருந்தன. பூசியவற்றில் அவை பெரிதும் தடுக்கப்பட்டன. கட்டி வரும்வரை காத்திருக்காமல், பி53யைப் பார்த்தே ஒரு களிம்பு வேலை செய்கிறதா என்று அளக்கலாம் என்பது அதன் பயன்.

தோலில் பி53 தனியாக நிற்கவில்லை. வெள்ளையரிடம் மிக அதிகமாக வரும் அடிச்செல் புற்றில் ‘பேட்ச்டு’ என்ற மரபணு உடைகிறது. பழ ஈயில் 1980-களில் தெரிந்த அது, மனிதர்களிடமும் இருப்பது 1996இல் இரண்டு குழுக்களின் ஆய்வில் உறுதியானது. மெலனோமா பரம்பரையாக வரும் குடும்பங்களில் 1994இல் பிடிபட்டது பி16. அதன் மரபணு ஒரே இடத்திலிருந்து இரண்டு புரதங்களை எழுதுகிறது. ஒன்று ஆர்பிக்குத் துணை, மற்றது பி53க்குத் துணை. அந்த இடம் தொலைந்தால் ஒரே அடியில் இரண்டு காவலும் தளர்ந்துவிடும்.

பாதத்தில் வெயில் இல்லை

இங்கேதான் கதை மீண்டும் நம் பக்கம் திரும்புகிறது. நம் மக்களுக்கு மெலனோமா வந்தால், அது பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ வருகிறது. உள்ளங்காலில் நிறமிக் குல்லாய் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே வெயிலும் இல்லை. அந்தக் கட்டிகளின் டி.என்.ஏ.யைப் படித்தவர்களுக்கு வெயிலின் கையெழுத்து அநேகமாகக் கிடைக்கவில்லை. குரோமோசோம்கள் துண்டு துண்டாக உடைந்து இடம் மாறியிருக்கின்றன. பி16 இருக்கும் இடம் பல கட்டிகளில் தொலைந்திருக்கிறது. காவல் அதேதான், உடைத்த கை வேறு.

வேட்டி முடிச்சும் காங்கிரியும் தொழுநோய்ப் புண்ணும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. ஆறாத புண்ணில் செல் ஓயாமல் பிரிந்து இடத்தை நிரப்பப் பார்க்கிறது. ஒவ்வொரு பிரிவும் ஒரு படியெடுப்பு. ஒவ்வொரு படியெடுப்பிலும் பிழைக்கு வாய்ப்பு. அழற்சியில் உண்டாகும் ரசாயனங்கள் அந்தப் பிழையைக் கூட்டுகின்றன. வெயில் ஒரே அடியில் செய்வதைப் புண் வருஷக்கணக்கில் செய்கிறது.

அதனால் கோட்டக்குப்பத்துக்கும் கலிபோர்னியாவுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. களிம்பு பூசுங்கள் என்று வெளிநாட்டு இதழ்கள் சொல்வது அங்குள்ள தோலுக்கு. வெண்புள்ளி அல்லாமல், பிறவியிலேயே நிறமி இல்லாமல் பிறந்தவர்களுக்கு அது இங்கும் உயிர் காக்கும். மற்றவர்கள் பார்க்க வேண்டிய இடங்கள் இடுப்பு, பாதம், நகம், பழைய தீத்தழும்பு. காலாணி என்று பிளேடால் சீவிக்கொண்டே இருக்கும் கறுப்பு, நகச்சுத்தி என்று மஞ்சள் வைத்துக் கட்டிய நகத்தடிக் கோடு, நாடா தடத்தில் மாதக்கணக்கில் ஆறாத புண். இவற்றில் ஒரு சிறு துண்டு எடுத்துச் சோதித்தால் விஷயம் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் வெட்டியெடுத்தால் இந்தப் புற்றுகளில் பெரும்பாலானவை அதோடு தீர்ந்துவிடும். மெலனோமா மட்டும் தாமதத்தை மன்னிக்காது. பாப் மார்லி கால் விரல் நகத்தடியில் வந்த மெலனோமாவால் 1981இல் 36 வயதில் இறந்தார்.

பி53 உடைந்தால் புற்று என்று இதுவரை சொல்லிவந்தேன். 2015இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தில் இனிகோ மார்டின்கோரீனா குழுவினர், நான்கு பேரின் கண்ணிமைத் தோலை 234 சிறு துண்டுகளாக்கிப் படித்தார்கள். நோய் இல்லாத தோல்தான். அதில் ஏறத்தாழ நாலில் ஒரு செல்லில் புற்றுக்குக் காரணமாகும் பழுது ஏற்கெனவே இருந்தது. பி53 உடைந்த செல்களும் இருந்தன. ஆனாலும் அவர்களுக்கு அங்கே புற்று வரவில்லை. காவல் உடைந்த பிறகும் இந்தச் செல்களை யார் பிடித்து வைத்திருக்கிறார்கள்? அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)